வி-கிராஸ் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது: பட்டை மாற்றுவதா, பிளாக் வைப்பதா?

கொல்லிமலை மிளகு (செம்மேடு)

வணக்கம். என்னிடம் இருப்பது இசுசூ டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப், 2017 வண்டி, 2.5 லிட்டர் எஞ்சின், 255/65 ஆர்17 டயர். பின்னால் பாரத்தைத் தாங்குவது வில்லாக வளைந்த இரும்புப் பட்டை அடுக்கு (லீஃப் ஸ்பிரிங்). மிளகு, காப்பி, சீசனில் வாழைத்தார் ஏற்றுவோம். பின்னால் இரும்புக் கேனோபி, அதன்மேல் கேரியர், உள்ளே ஒரு டூல் பெட்டி. இவற்றை இறக்குவதே இல்லை. வண்டி காலியாக நின்றாலே பின்பக்கம் உட்கார்ந்த மாதிரி தெரிகிறது. மூட்டை ஏற்றிவிட்டால் ராத்திரியில் ஹெட்லைட் மரக்கிளையைத்தான் காட்டுகிறது. தோட்டத்துக்குள் இறங்கும் மண்பாதையில் பின்பம்பர் கல்லில் உரசுகிறது.

ஒரு மெக்கானிக் "ஆக்சிலுக்கும் பட்டை அடுக்குக்கும் நடுவில் ரெண்டு இன்ச் இரும்பு பிளாக் வைத்துவிடலாம், மத்தியானத்துக்குள் முடிந்துவிடும்" என்கிறார். இன்னொருவர் அடுக்கில் ஒரு பட்டை சேர்க்கச் சொல்கிறார். இணையத்தில் பார்த்தால் ஆஸ்திரேலியக் கம்பெனிகளின் முழுப் பட்டை செட். மூன்றுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும். எது சரி?

கோவை டீசல்

பிளாக் போடுங்கள், வேறு யோசனையே வேண்டாம். என் பிக்கப்பில் ஒன்றரை இன்ச் பிளாக் வருடக்கணக்கில் இருக்கிறது, ஒரு சத்தம் கிடையாது. பட்டை பழைய பட்டைதான், ஆகவே ஓட்டுவதும் பழைய மாதிரியே மெத்தென்று இருக்கும். ஆஸ்திரேலியப் பட்டை போட்டால் காலி வண்டியில் இடுப்பு கழன்றுவிடும்.

பட்டறைக்காரன் (நாமக்கல்)

பிளாக்கா பட்டையா என்று பேசுவதற்கு முன் எடை தெரிய வேண்டும். தம்பி, மலையை விட்டு இறங்கும்போது சேந்தமங்கலம் பக்கம் ஏதாவது ஒரு எடை மேடையில் நிறுத்துங்கள். டீசல் டேங்க் நிரம்பியிருக்கட்டும். பின்சக்கரம் இரண்டு மட்டும் மேடைமேல், முன்சக்கரம் வெளியே தரையில். மேடையும் தரையும் ஒரே மட்டமாக இருக்கிற இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், சரிவில் எடுத்தால் கணக்கு தப்பும். காலியாக ஒன்று, வழக்கமான லோடோடு ஒன்று. இரண்டு தடவையும் பின்சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இடம், வலம் தனித்தனியாக.

ஒன்று கவனியுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்றைப் பொறுத்து அது மாறும்.

கொல்லிமலை மிளகு

நன்றி அண்ணா, செய்துவிட்டேன். கேனோபி, கேரியர், டூல் பெட்டியோடு காலி வண்டி: பின் ஆக்சில் 1,000 கிலோ. மூட்டை ஏற்றியபின் 1,320. உயரம் 40 மி.மீ. குறைந்தது. டிரைவர் பக்கம் மற்றப் பக்கத்தைவிட 6 மி.மீ. தாழ்வு. கேனோபிக்கடைக்காரரின் பில்லின்படி இரும்புச் சாமான் மொத்தம் சுமார் 170 கிலோ.

இன்னொன்று: மலையிலேயே இன்னொருவரிடம் இதே மாடல் இருக்கிறது, பின்னால் எதுவும் போடாதது, அதிகம் ஓடாதது. அவருடையதையும் அளந்தேன். என் காலி வண்டி அவர் வண்டியைவிட 45 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது.

விறைப்புக் கணக்கு (சென்னை)

அருமையான அளவு. இதிலேயே பாதி விடை இருக்கிறது.

320 கிலோவுக்கு 40 மி.மீ. என்றால், இரண்டு பக்கப் பட்டையும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் இறங்க 8 கிலோ வாங்குகிறது. பக்கத்துக்கு 4 கிலோ. அடியில் தனியாக நிற்கும் தடித்த பட்டை லோடில் மட்டும் தொடும் என்பதால் இது நேர்கோட்டுக் கணக்கு இல்லை, ஆனாலும் ஒரு பிடிக்கு இது போதும். கேனோபி வகையறா 170 கிலோ, 8 ஆல் வகுத்தால் 21 மி.மீ. நண்பர் வண்டிக்கும் உங்களுடையதற்கும் உள்ள வித்தியாசம் 45. மீதி 24 மி.மீ. எங்கே போயிற்று? அது பட்டை களைத்துப்போனதன் கணக்கு. அதாவது உங்கள் பட்டை வளைவை இழந்துவிட்டது.

களைத்த பட்டைக்கு அடியில் பிளாக் வைத்தால் உயரம் வரும். பட்டை களைத்தது களைத்ததுதான். 320 கிலோ ஏற்றினால் அதே 40 மி.மீ. இறங்கும். ஹெட்லைட் அதே அளவுக்கு மேலே தூக்கும்.

பட்டறைக்காரன்

சென்னைத் தம்பி சொன்னது சரி. இனி கமான் (பட்டை அடுக்கு) வேலையில் என்னென்ன வழி உண்டு என்று சொல்கிறேன்.

முதலாவது, பழைய பட்டையையே கழற்றித் தட்டி வளைவு ஏற்றுவது. லாரிப் பட்டறைகளில் சகஜம். குளிர்ந்த நிலையிலேயே தட்டி ஏற்றினால் சில மாதத்தில் பழையபடி படுத்துவிடும். முறைப்படி செய்வதென்றால் உலையில் பழுக்கக் காய்ச்சி, அச்சில் வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமான சூட்டில் பதம் போட வேண்டும். பதம் தப்பினால் ஒன்று மொடுக்கென்று உடையும், இல்லையென்றால் ஈயம் மாதிரி மடங்கும். கேஸ் வெல்டிங் தீயால் அங்கங்கே சூடு காட்டி வளைக்கிற ஆளிடம் வண்டியை விடவே விடாதீர்கள். சூடு பட்ட இடம் ஒரு மாதிரி, படாத இடம் ஒரு மாதிரி ஆகிவிடும், அந்த எல்லையில்தான் விரிசல் விழும்.

இரண்டாவது, ஒரு பட்டை சேர்ப்பது. இதில் குட்டையான தடித்த பட்டையைச் செருகுவதுதான் பலர் செய்வது, ஏனென்றால் உயரம் உடனே வரும். ஆனால் அந்தக் குட்டைப் பட்டையின் நுனி எங்கே முடிகிறதோ அங்கேதான் மேலே இருக்கும் பட்டை ஒடிகிறது. என் பட்டறைக்கு ஒடிந்து வரும் பிக்கப் பட்டைகளில் இந்த ரகம் நிறைய. சேர்ப்பதென்றால் நீளமான பட்டையாக, மேலிருந்து இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், படிப்படியாக நீளம் குறைகிற வரிசை கெடாதபடி சேர்க்க வேண்டும். நுனியை மெலிதாக்கியிருக்க வேண்டும். பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டும், அடுக்கை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டும் நீளமாகத் தேவைப்படும்.

மூன்றாவது, முழு செட் புதிது. உங்கள் கணக்கில் பட்டை 24 மி.மீ. படுத்துவிட்டது என்று தெரிந்த பிறகு நான் இதைத்தான் சொல்வேன். களைத்த நாலு பட்டைக்கு நடுவில் புதுப் பட்டை ஒன்றைச் சேர்த்தால் புதியவன்தான் எல்லாப் பாரத்தையும் வாங்குவான், அவன்தான் முதலில் போவான்.

விறைப்புக் கணக்கு

பட்டை சேர்ப்பது பற்றி ஒரு சின்னக் கணக்கு. பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். அகலம், நீளம் மாறாமல் 7 மி.மீ. பட்டைக்குப் பதில் 8 மி.மீ. போட்டால், 8×8×8 = 512, 7×7×7 = 343. ஆக அந்த ஒரு பட்டை மட்டும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விறைப்பு. கடையில் "ஒரு மில்லிதான் சார் கூட" என்று சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள். நீளம் இதற்கு நேர் எதிர், அதுவும் மும்மடியில். குட்டைப் பட்டை விறைப்பாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இரண்டு பட்டை செட் ஒரே உயரம் தரலாம். ஒன்று வளைவை அதிகமாக்கித் தரும், இன்னொன்று விறைப்பை அதிகமாக்கித் தரும். கடைக்காரரிடம் "எத்தனை இன்ச் தூக்கும்" என்று மட்டும் கேட்டால் இது வெளியே வராது. "எத்தனை கிலோவுக்கு எத்தனை இன்ச்" என்று கேளுங்கள்.

கோவை டீசல்

எல்லாம் சரி, ஆனால் பிளாக்கை ஏதோ குற்றவாளி மாதிரி பேசுகிறீர்கள். அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-350 மாதிரிப் பெரிய பிக்கப்களில் கம்பெனியே பின்னால் பிளாக் வைத்துத்தான் அனுப்புகிறது. வார்ப்பில் செய்த நல்ல பிளாக், புது யூ போல்ட், சரியான முறுக்கு. இதில் என்ன தப்பு?

விறைப்புக் கணக்கு

தப்பே இல்லை. கம்பெனி வைக்கும்போது அதற்கேற்ற பம்ப் ஸ்டாப், ஷாக்கப்சர், பின் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் கோணம் எல்லாவற்றையும் சேர்த்தே வடிவமைக்கிறது. வெளியே வைக்கும்போது பிளாக் மட்டும் போகிறது, மற்றவை மறந்துபோகின்றன. சண்டை அங்கேதான்.

பம்ப் ஸ்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் விழும்போது ஆக்சில் மேலே எழும்பி அந்த ரப்பரில் முட்டி நிற்கும். பட்டை எவ்வளவு நிமிரலாம் என்பதற்கு அதுதான் எல்லை. 50 மி.மீ. பிளாக் வைத்ததும் ரப்பருக்கும் ஆக்சிலுக்கும் நடுவே 50 மி.மீ. கூடுதல் இடைவெளி வந்துவிடுகிறது. "ஆகா, இடம் கூடியது" என்று தோன்றும். ஆனால் பட்டை இப்போது அந்த 50 மி.மீ. தூரமும் கூடுதலாக வளையும், நேராகி, அதையும் தாண்டி எதிர்ப்பக்கம் குழியும். அதற்காகச் செய்யப்பட்ட பட்டை இல்லை அது. ஆகவே பிளாக் உயரத்துக்குச் சமமாக ரப்பரையும் கீழே இறக்க வேண்டும். அப்படி இறக்கிவிட்டால் ஆக்சில் மேலே எழும்பக் கிடைக்கும் தூரம் பழைய தூரமேதான், லோடு தாங்கும் சக்தியும் பழையதேதான். வண்டி உயரமாக நிற்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது முறுக்கு. டயர் தரையை உந்துகிற விசையும் பிரேக் பிடிக்கிற விசையும் ஆக்சில் வழியாகப் பட்டைக்குப் போகின்றன. ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் உயரம் கூடக் கூட, அது நெம்புகோல் மாதிரி பட்டையை முறுக்கும். ஏற்றத்தில் முதல் கியரில் அழுத்தும்போது பட்டை பாம்பு மாதிரி நெளியும், பின்சக்கரம் தட்டித் தட்டிக் குதிக்கும். ஒன்றரை இன்ச்சில் இது பெரிதாகத் தெரியாது, கோவை நண்பருக்கு ஒரு சத்தமும் வராததில் ஆச்சரியமில்லை. நாலு இன்ச்சில் ஜாயிண்ட் குறுக்கு உடையும்.

கோவை டீசல்

சரி, ஒன்றரை இன்ச்சுக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது. :)

கிளிநொச்சி கெப்

வணக்கம் அண்ணைமார். இழையை வாசித்துக்கொண்டு வந்தனான். என்னட்ட பழைய ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்று இருக்கு. நெல் மூட்டை ஏத்துறது. கராஜ்காரர் பிளாக் வைக்கலாம் எண்டு சொல்லுறார். எனக்கும் இதே கணக்குத்தானே?

பட்டறைக்காரன்

தம்பி, முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். பட்டை ஆக்சிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதா, கீழே தொங்குகிறதா? மேலே இருந்தால் நடுவில் பிளாக் வைக்க வண்டி உயரும். பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருந்தால் அதே பிளாக் வண்டியைத் தாழ்த்திவிடும். கேட்டால் சிரிப்பாக இருக்கும், ஆனால் தெரியாமல் வாங்கிப்போகிறவர்கள் உண்டு. மாருதி ஜிப்சியில் நாலு சக்கரத்துக்கும் பட்டைதான், ஆக்சிலுக்குக் கீழேதான் கம்பெனியிலிருந்தே வரும். அதை மேலே மாற்றிப் போடுவதே ஒரு தனி வேலை.

இன்னொன்று, பழைய ஹைலக்ஸ்களில் பின் ஆக்சிலிலிருந்து சேசிஸுக்கு ஒரு மெல்லிய கம்பி போகும். அது பிரேக் வால்வை ஆட்டும் கம்பி. பின்பக்கம் தாழ்ந்தால் "லோடு இருக்கிறது" என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டியைத் தூக்கிவிட்டு அந்தக் கம்பியை அப்படியே விட்டால், நெல் மூட்டை இருக்கும்போதும் காலி வண்டி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கம்பியின் பிடிப்பையும் அதே அளவுக்கு மாற்ற வேண்டும்.

கிளிநொச்சி கெப்

மேலதான் இருக்கு அண்ணை. கம்பியும் இருக்கு! அதைப்பற்றி கராஜில ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. நன்றி.

தேனி ஜீப்

இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது பழைய மஹிந்திரா ஜீப்பின் முன்பக்கத்துக்கும் பிளாக் தேடப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து வேண்டாம். முன் ஆக்சிலும் பட்டையில் நிற்கிற வண்டிகளில் முன்னால் பிளாக் என்ற பேச்சே கூடாது. பிரேக் பிடிக்கும்போது பாதிக்கு மேல் பாரம் முன்னால் வருகிறது, ஸ்டியரிங்கும் அங்கேதான். பிளாக் நழுவினால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்புறம், பின்னால் வைத்தாலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பிளாக் அடுக்காதீர்கள். மரக்கட்டை வைத்த வண்டியையும் எங்கள் பக்கத்துக் கரும்புக் காட்டில் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாக்கி உயர்த்துவதும் இங்கே பிரபலம். இரண்டு இன்ச் நீளமான ஷேக்கிள் போட்டால் ஒரு இன்ச்தான் உயரும், ஏனென்றால் பட்டையின் ஒரு முனை மட்டும்தான் இறங்குகிறது. கூடவே ஆக்சில் சற்றுத் திரும்பி ஜாயிண்ட் கோணம் மாறும், பக்கவாட்டில் ஒரு ஆட்டமும் வரும். கொல்லிமலை வளைவுகளில் அந்த ஆட்டம் நல்லதில்லை.

பெர்த் வாசி

ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன். இங்கே இது தினப்படிச் சமாச்சாரம், அதனால் இரண்டு வார்த்தை.

ஓல்டு மேன் இமு, அயர்ன்மேன், டாபின்சன்ஸ் போன்ற கம்பெனிகள் ஒரே வண்டிக்கு ஒரே உயரத்தில் பல செட் பட்டை விற்கும். காலி வண்டிக்கு ஒன்று, பின்னால் எப்போதும் ஒரு குறிப்பிட்ட எடை ஏறியே இருக்கும் என்றால் ஒன்று, அதற்கும் மேலே ஒன்று. 'எப்போதும்' என்பதைத்தான் பார்க்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஏற்றும் அரை டன்னைச் சொல்லிப் பட்டை வாங்கினால் மற்ற ஆறு நாளும் பாறாங்கல்லில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். மிளகுக்காரருக்கு நிரந்தரம் 170 கிலோ. மூட்டை தினமும் ஏறுகிறதா, சீசனுக்கு மட்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். தினமும் இல்லையென்றால் நடு ரகம் போதும்.

பட்டைக்கு உதவியாகக் காற்றுப் பை வைக்கச் சொல்லி யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். டபுள் கேபின் பிக்கப்களில் பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொட்டி நீளமாகத் தொங்குகிறது. பட்டை பாரத்தை முன், பின் என்று இரண்டு இடத்தில் சேசிஸுக்குக் கொடுக்கிறது. காற்றுப் பை நட்டநடுவில் ஒரே இடத்தில் கொடுக்கிறது. பின்னால் பாரம், நடுவில் குத்தும் பை, கரடுமுரடான பாதை மூன்றும் சேர்ந்து சேசிஸ் வளைந்த வண்டிகள் இங்கே ஏராளம்.

கடைசியாக, பட்டை தடித்ததால் வண்டியின் சட்டப்படியான மொத்த எடை கூடிவிடாது. இங்கே அதைக் கூட்டுவதற்குச் சான்றிதழோடு தனி நடைமுறை உண்டு. பிரேக்கும் ஆக்சிலும் பழையவைதானே.

நெல்லை வக்கீல்

சட்டம் பேசியாகிவிட்டதால் நானும் வருகிறேன். நம் ஊரில் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். களைத்த பட்டைக்குப் பதில் அசல் உயரத்துக்கே புதுப் பட்டை போடுவது பழுது பார்ப்பது என்று வாதிடலாம். நாலு இன்ச் தூக்கிவிட்டு அப்படி வாதிட முடியாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதும் இதைத்தான்.

கோவை டீசல்

வக்கீல் சார் வந்தாலே இழை குளிர்ந்துவிடுகிறது.

கொல்லிமலை மிளகு

எல்லோருக்கும் நன்றி. மூட்டை சீசனில் மட்டும்தான், அதுவும் தினமும் இல்லை. ஆகவே நடு ரகம்.

ஒரு சந்தேகம். இங்கே ஒரு கடையில் "போலெரோ பிக்கப் பட்டை ஒன்று இருக்கிறது, அதை உங்கள் செட்டில் சேர்த்து மலிவாக முடித்துத் தருகிறேன்" என்கிறார்கள். செய்யலாமா? இரண்டாவது, எனக்குக் கல்லில் இடிப்பது பம்பர் மட்டுமில்லை, சில சமயம் ஆக்சில் நடுவில் இருக்கும் கிரவுன் ஹவுசிங்கும்தான். பட்டை மாற்றினால் அது சரியாகுமா?

பட்டறைக்காரன்

போலெரோ பட்டை வேண்டாம். அகலம் ஒத்துப்போக வேண்டும், சென்டர் ஓட்டை இரண்டு பக்கமும் சரியான தூரத்தில் இருக்க வேண்டும், வளைவு ஒத்துப்போக வேண்டும். அகலம் இரண்டு மில்லி கூடினாலும் கிளிப்பில் உரசும். வளைவு ஒத்துப்போகாத பட்டையை போல்ட் போட்டு இறுக்கினால் அது பாரம் ஏற்றுவதற்கு முன்பே பாதி பாரத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

விறைப்புக் கணக்கு

கிரவுன் ஹவுசிங் பற்றி: பட்டையும் பிளாக்கும் சேசிஸைத்தான் தூக்கும். ஆக்சில் சக்கரத்தோடு சேர்ந்தது, அது அங்கேயேதான் இருக்கும். அதைத் தூக்க ஒரே வழி பெரிய டயர்.

உங்கள் 255/65 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 763 மி.மீ. 265/70 ஆர்17 போட்டால் 803. வித்தியாசத்தில் பாதி, அதாவது 20 மி.மீ., ஹவுசிங் உயரும். விலையாக ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 105இல் ஓடும், முதல் கியரில் ஏறும் சக்தி கொஞ்சம் குறையும், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் மட்கார்டில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். இதுவும் வக்கீல் சார் சொன்ன கணக்கில் வரும். எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள மலையில் இருக்கிறீர்கள். வண்டி உயர உயரப் புவியீர்ப்பு மையமும் உயரும், கேரியரில் வேறு சாமான் கட்டுகிறீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் டயரைத் தொடமாட்டேன்.

கொல்லிமலை மிளகு

முடிவு செய்துவிட்டேன். நிரந்தரமாக 200 கிலோ வரை ஏறியிருக்கும் வண்டிக்கான செட், 40 மி.மீ. உயர்வு, பிளாக் கிடையாது. அதே உயரத்துக்கான ஷாக்கப்சரும் சேர்த்து. தாழ்ந்துபோன 45 மி.மீ. திரும்பக் கிடைப்பதே எனக்கு முக்கியம். மாட்டும்போது நான் பக்கத்தில் நின்று என்னென்ன பார்க்க வேண்டும்?

பட்டறைக்காரன்

இதைக் கேட்டீர்களே, சந்தோஷம். நல்ல பட்டையை வாங்கி மோசமாக மாட்டுவதுதான் அதிகம் நடக்கிறது.

யூ போல்ட் புதிதுதான், பழையதைக் கழற்றித் திரும்பப் போடவே கூடாது. ஒரு தடவை முழு முறுக்கில் இறுக்கிய யூ போல்ட் இழுபட்டுவிடும், மறுபடி அதே பிடிமானம் தராது. நாலு நட்டையும் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்கட்டும், ஒரு பக்கம் முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் தட்டு சாய்ந்து உட்காரும். காற்றுக் கன்னில் அடித்துவிட்டு "போதும்" என்று சொல்லும் பையனை நிறுத்தி, டார்க் ரெஞ்ச் கேளுங்கள். சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் பேடில் இருக்கும் குழிக்குள் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அது விளிம்பில் உட்கார்ந்திருந்தால் ஆக்சில் கோணலாகி வண்டி நண்டு நடை நடக்கும்.

பட்டை முனை வளையத்தில் போகும் கண் போல்ட்டுக்கும் ஷேக்கிள் போல்ட்டுக்கும் கடைசி இறுக்கு வண்டி தரையில் நிற்கும்போதுதான். இது பலருக்குத் தெரியாது. ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் அந்தக் கோணத்தில் பிடித்துக்கொள்ளும். இறக்கியதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், உயரமும் பொய்யாக ஒரு விரல் கூடக் காட்டும், சீக்கிரம் கிழியும்.

தூக்கிய நிலையில் சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், ஏபிஎஸ் ஒயர் மூன்றும் விறைத்து நிற்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். விறைத்திருந்தால் பிடிப்பை மாற்றித்தான் ஆக வேண்டும். உங்கள் வண்டியில் ஜாயிண்ட் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் பேரிங். ஓட்டும்போது கிளம்பும் நேரத்தில் தரை அதிர்ந்தால் கோணம் மாறியிருக்கிறது. நடு பேரிங்கைச் சற்று இறக்கினால் பெரும்பாலும் தீரும். அதிலும் தீரவில்லை என்றால்தான் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு. தடித்த பக்கம் வண்டியின் பின்னால் பார்த்தபடி வைத்தால் பினியன் (ஆக்சிலில் ஷாஃப்ட் வந்து சேரும் மூக்கு) மேலே தூக்கும். எந்தப் பக்கம் தேவை என்று கோணம் அளந்துவிட்டு வையுங்கள், குத்துமதிப்பாக வேண்டாம்.

ஒரு நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட் மறுபடி. ஆயிரத்தில் இன்னொரு தடவை.

கொல்லிமலை மிளகு

மாட்டியாகிவிட்டது. காலியாக முன்பு நின்றதைவிட 58 மி.மீ. உயரம், மூட்டையோடு 33 இறங்குகிறது. டிரைவர் பக்கத் தாழ்வு போய்விட்டது. காரவள்ளியிலிருந்து ஏறும்போது பழைய அலைச்சல் இல்லை. காலியாகக் கொஞ்சம் தட்டுகிறதுதான், டயர் காற்றைச் சற்றுக் குறைத்ததும் பரவாயில்லை. ஹெட்லைட்டை மட்டும் இறக்கி வைத்தேன்.

நூறு கிலோமீட்டரில் நட்டுகள் உண்மையிலேயே இளகியிருந்தன, கால் திருப்பு வரை போயிற்று. ஆனால் ஒரு கீச்சுச் சத்தம் வருகிறது. ஆயில் விடலாமா?

பட்டறைக்காரன்

புதுப் பட்டை ஓடி ஓடித்தான் உட்காரும், இன்னும் ஒரு பத்து மில்லி இறங்கும், பயப்படாதீர்கள். சத்தத்துக்கு லாரிக்காரர்கள் செய்வதுபோல வேஸ்ட் ஆயில் அடிக்காதீர்கள். உங்கள் பட்டை நுனிகளில் நைலான் வில்லை இருக்கிறது, கண்ணில் ரப்பர் புஷ் இருக்கிறது. ரப்பருக்கு ஆயில் ஆகாது, மண்ணும் ஒட்டி அரைக்கும். தண்ணீர் அடித்துக் கழுவிப் பாருங்கள். சத்தம் நின்றால் பட்டைக்கு நடுவே இருக்கும் மண்தான், நிற்காவிட்டால் ஷேக்கிள் புஷ்.

கொல்லிமலை மிளகு

கழுவியதும் நின்றுவிட்டது. பழைய பட்டையைப் பழைய இரும்புக்குப் போடவா?

தேனி ஜீப்

எடைக்குப் போடாதீர்கள். அரிவாள் அடிக்கும் கொல்லரிடம் கொண்டுபோங்கள், லாரிப் பட்டை என்றால் விட மாட்டார். மெயின் பட்டையில் உங்களுக்கே நாலு கவ்வாத்து அரிவாள் தேறும்.

கோவை டீசல்

எனக்கும் ஒன்று எடுத்து வையுங்கள். பிளாக்கை மட்டும் கழற்ற மாட்டேன்.